கிரியாட்டினினுக்கு முன்னால்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிட்னியில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் இருக்கும். கிட்னி நிஜமாகவே கெட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கோ இடுப்பு வலிப்பதே இல்லை. கல் இறங்கினால் வலிக்கும், கிருமி ஏறினால் குளிர்காய்ச்சலோடு வலிக்கும். ஆளை டயாலிசிஸ் கட்டிலில் கொண்டுபோய்ப் போடுகிற நாட்பட்ட சிறுநீரக நோய் பத்து, பதினைந்து வருடம் சத்தம் காட்டாமல் வேலை செய்யும். கால் வீங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டி, படுத்தால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வரும்போது நூற்றில் பத்துப் பங்கு மிஞ்சியிருந்தால் அதிகம். 'போன மாசம் வரைக்கும் நல்லாத்தான இருந்தாரு' என்று வீட்டார் சொல்வது பொய்யில்லை. 'நீர் நல்லாத்தான் போகுது, பிறகு எப்படி கிட்னி போச்சும்பீங்க?' என்று அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். நீரின் அளவு கடைசிவரை அநேகமாகக் குறையாது. அதில் எது வெளியே போகிறது, எது உள்ளே தங்கிவிடுகிறது என்பதுதான் மாறுகிறது.

சிறுநீரகங்கள் கைமுட்டி அளவு, ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்குள் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, எலும்பு மஜ்ஜையை ரத்தம் ஊறச் சொல்லித் தூண்டுவது, வைட்டமின் டி-யை உடம்புக்கு ஆகிற வடிவத்துக்கு மாற்றுவது, பொட்டாசியத்தையும் அமிலத்தையும் அளவோடு வைப்பது எல்லாம் இதே உறுப்பின் வேலை. அதனால்தான் முற்றிய நோயாளி வெளிறிப்போகிறார், எலும்பு நோகிறது என்கிறார், நாடித்துடிப்பு தடுமாறி விழுகிறார். நெஃப்ரான்கள் அழிய அழிய மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். கூடுதலாக உழைத்தே அவையும் சீக்கிரம் தேயும்.

நம் ஊர்களில் கிட்னி டெஸ்ட் என்றால் கிரியாட்டினின்தான். 'உப்பு எவ்வளவு இருக்கு?' என்றுதான் விசாரிப்பார்கள். ஆனால் சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை அந்த எண் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கும். அந்த எல்லையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 25 வயது ஆணுக்கு 1.1 என்றால், இப்போது புழக்கத்தில் உள்ள சூத்திரப்படி வடிகட்டும் வேகம் 95-ஐ ஒட்டி வரும், கவலையில்லை. அதே 1.1 ஒரு 65 வயது அம்மாவுக்கு இருந்தால் வேகம் 55-ஐ ஒட்டித்தான் வரும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். இரண்டு சீட்டிலும் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். கிரியாட்டினின் அசைவதற்கு வெகுகாலம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடுகிறது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. விடாமல் நுரைக்கும் நீர் அதன் ஒரு அடையாளம். நுரை வருமுன்பே காகிதப் பட்டையிலோ ஆய்வகத்திலோ அதைப் பிடித்துவிடலாம். செலவும் சொற்பம். இருந்தும், சுகர் பார்க்கிறவர்கள் வருடத்துக்கு நாலு தடவை பார்க்கிறார்கள். நீரில் புரதம் பார்த்தீர்களா என்று கேட்டால் முழிக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் ஆதங்கம் முழுவதும் அதுதான்.

அந்தச் சோதனை யாருக்கெல்லாம் தேவை என்று பார்க்கச் சங்கரன்கோவில் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 2019-இல் தென்காசி மாவட்டத்தோடு வந்த ஊர். மலை கண்ணுக்குத் தெரியும், மழை வராது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது இங்கே காற்று மட்டும்தான். ஊருக்குள் விசைத்தறி, சேலை, சந்தையில் பூ, சுற்றிக் கரிசலும் செம்மண்ணும் மானாவாரியும், திருவேங்கடம் பக்கம் போனால் தீப்பெட்டி. எல்லாமே வெக்கையில் நடக்கிற வேலைகள். தறி ஷெட்டில் கூலி நெய்த அளவுக்குத்தான். தகரக் கூரை, நூல் தூசி, காதை அடைக்கும் சத்தம். ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இழை அறுந்தால் உடனே முடிய வேண்டும். தண்ணீர் குடித்தால் வெளியே போக வேண்டும், வெளியே போனால் தறி நிற்கும். பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒதுங்க இடமில்லாத காட்டு வேலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அவர்கள் காலையில் குடித்த காபியோடு மத்தியானம் வரை ஓட்டுகிறார்கள்.

வெப்பம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்பது முப்பது வருடங்களுக்கு முன் யாரும் கேட்காத கேள்வி. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ பிரஷரோ இல்லாத இளவயது ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து சாகத் தொடங்கினார்கள். இலங்கையில் 1990-களில் அனுராதபுரம் பகுதி நெல் விவசாயிகளிடம் இதே போன்ற நோய் தென்பட்டது. ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதே கதை. அங்கே 2023-இல் பலாசாவில் சிறுநீரக ஆய்வு மையத்தோடு தனி மருத்துவமனையே திறக்க வேண்டிவந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் இதற்குப் பெயரே. கடினத் தண்ணீர், ஃபுளோரைடு, பூச்சிமருந்து, கன உலோகம் என்று ஒவ்வொன்றின் மீதும் பழி விழுந்திருக்கிறது. இலங்கை அரசு 2015-இல் கிளைஃபோசேட் களைக்கொல்லிக்குத் தடை போட்டு, பிறகு தளர்த்தியது. எந்த ஒன்றும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. நாளுக்கு நாள் உடம்பு வற்றுவதும், மீள்வதற்குள் மறுநாள் மறுபடி வற்றுவதும் சிறுநீரகத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு காயங்களை உண்டாக்கிக் கடைசியில் தழும்பாக்கிவிடும் என்ற விளக்கத்துக்கு மட்டும் ஆதரவு கூடிக்கொண்டே வருகிறது. மத்திய அமெரிக்கக் கரும்பு ஆலைகள் சிலவற்றில் தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு என்று வேலைமுறையை மாற்றியதும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தியில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்து, வெப்பமும் நீர்வற்றலும் அவர்கள் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். சென்னை அரசு சிறுநீரகவியல் மருத்துவர்கள் மாநிலமெங்கும் கிராமங்களில் 3,000-க்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தும் நோய் உறுதியானவர்கள் சுமார் 5 சதவீதம். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையோ, பிரஷரோ, வேறு தெரிந்த காரணமோ இல்லை. ஆக, 'எனக்குத்தான் சுகர் இல்லையே' என்ற தைரியம் வெயிலில் உழைக்கிற ஆளுக்குச் செல்லாது.

அதற்காகச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஓரங்கட்டிவிட முடியாது. இந்தியாவில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி இந்த இரண்டும் உள்ளவர்கள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். உப்பும் சேர்ந்துகொள்கிறது: உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, இந்தியர்களின் சராசரி 8 கிராம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மத்தியானச் சோற்றுக்கு மிக்சர் என்று சாப்பிடும் வீட்டில் அது எட்டோடு நிற்காது. 'இந்துப்புதான் போடுறோம்' என்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்தது என்று விற்கிற உப்புகளில் பொட்டாசியம் கலந்திருக்கும். நல்ல உடம்புக்கு அது நல்லது. கிட்னி பலவீனமானவருக்கு அதுவே எமன்.

வலி மாத்திரை சங்கதி இதைவிட மோசம். நாள் முழுக்கத் தறியில் நின்றவருக்கும் களை வெட்டியவருக்கும் முழங்கால், இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. மெடிக்கலில் சொன்னால் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபினாக் போல ஒன்று இருக்கும். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை விரிந்த நிலையில் வைத்திருக்கும் ஒரு வேதிப்பொருளை இவ்வகை மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. தண்ணீர் குடித்துத் தெம்பாக இருப்பவருக்கு அது பெரிதாக உறைக்காது. உடம்பு வற்றிய நிலையில், வயிற்றுப்போக்கோடு, பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு இதைப் போட்டால் ஒரே வாரத்தில் கிட்னி படுத்துவிடலாம். வருடக்கணக்கில் தினம் ஒன்று என்று போட்டால் மெதுவாகத் தேயும். பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது இவற்றைவிடச் சிறுநீரகத்துக்கு இதமானது.

சிறுநீரகத்துக்குக் கேடு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்தும் வரலாம். மலைக்கு அந்தப் பக்கம், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், நீரில் புரதம் கொட்டுகிற ஒரே வகைச் சிறுநீரக நோயோடு அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். துருவிக் கேட்டதில் பெரும்பாலோரும் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள், கிரீமில் பாதரசம். முகத்தில் பூசியது ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது. பூசுவதை நிறுத்தியதும் பலருக்கும் குறைந்தது. தயாரித்தவர் பெயரே இல்லாமல் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்குகிற டப்பாக்களுக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பஸ்பம், லேகியங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொரு வழி, சங்கரன்கோவிலுக்கே உரியதுபோல் ஒன்று, பாம்பு. சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் அதைப் பூசிக்கொள்வது பரம்பரை வழக்கம். ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதி, நாகசுனையில் முழுகிப் புற்றுமண்ணோடுதான் ஊர் திரும்பும். நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கண்ணாடிவிரியன் கடி என்பது கடிவாயோடு முடிகிற விஷயமல்ல. அதன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை நாசமாக்கும். கடித்த மறுநாள் நீர் சுண்டி, நிறம் கருத்து, கிரியாட்டினின் ஏறும். மணிக்கணக்கில் தாமதிக்கத் தாமதிக்கக் கிட்னிக்கு ஆபத்து கூடுகிறது. மண் பூசுவது தவறு என்பதைவிட, மண் பூசிவிட்டோம் என்று உட்கார்ந்திருப்பதே தவறு. விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் நாடு முழுக்கப் போகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அறிவித்தது. எங்கே எத்தனை பேருக்குக் கடி, எத்தனை பேருக்கு டயாலிசிஸ் என்ற கணக்கு இனியாவது சேரும். இந்த வகைத் திடீர்ச் செயலிழப்பில் ஒரு ஆறுதல் உண்டு: சில வாரம் டயாலிசிஸ் செய்து தாங்கிப் பிடித்தால் பலருக்குச் சிறுநீரகம் பழையபடி எழுந்துகொள்ளும்.

நாட்பட்ட நோயில் அந்தத் திரும்புதல் கிடையாது. டயாலிசிஸ் நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். விடியற்காலை பஸ். தென்காசிக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ. போனதும் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இன்றைக்கும் நடுவில் இரண்டரை கிலோ ஏறியிருந்தால், அது சதையில்லை, குடித்த தண்ணீர். கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போட்ட பிஸ்டுலா புடைத்து நிற்கும். விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வு நின்றால் நோயாளிக்கு உயிரே நின்ற மாதிரி. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. இரண்டு பெரிய ஊசி, நாலு மணி நேரம். ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் இயந்திரத்துக்குள் ஓடுகிறது. அவர் குடிக்கவோ நாளைக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி, சிலருக்கு அதுவும் இல்லை. வெயிலில் வீடு திரும்பும்போது காலில் சதை பிடித்து இழுக்கும். தாகத்துக்கு இளநீர் குடித்தால் அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். காயை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் இப்படி. கூடவே துணைக்கு ஒருவர் வேண்டும். எந்தத் தறிமுதலாளி வாரம் மூன்று நாள் லீவு கொடுப்பார்?

சிகிச்சைக்கு இப்போது காசு வாங்குவதில்லை என்பது உண்மையிலேயே பெரிய மாற்றம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் வருகின்றன. அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம். வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைக்கான பைகளும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகின்றன. ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு அது கூடுதலாகப் பரிந்துரைக்கப்பட வேண்டிய வழி என்பேன். ஆனால் பஸ் காசும் போன கூலியும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் என்று போனால் தமிழ்நாட்டுக்குப் பெருமையும் உண்டு, தலைகுனிவும் உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சைகளில் ஒன்று 1971-இல் வேலூர் சி.எம்.சி-யில் நடந்தது. 2008-இல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு இவ்வகை உறுப்பு தானத்தில் மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டியது. 2023 முதல் தானம் செய்தவருக்கு அரசு மரியாதை. அதே மாநிலத்தில்தான் சென்னை வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று பெயரெடுத்தது. 1994-இன் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது, வியாபாரம் நிற்கவில்லை. 2002-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்று சராசரி ஆறு வருடம் கழிந்தும் நாலில் மூன்று பேருக்கு இன்னும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் சிறுநீரக வியாபாரம் மறுபடி வெடித்தது. விற்றவர்களில் பலர் விசைத்தறித் தொழிலாளர்கள். இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று சிகிச்சை உரிமத்தின் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. சங்கரன்கோவிலும் தறி ஊர்தான். கந்து வட்டியும் முன்பணமும் இங்கேயும் தெரியாத சங்கதி இல்லை. தறி ஓட்டுகிறவர் கிட்னியைக் கெடுத்துக்கொள்வதற்கும் விற்பதற்கும் காரணம் ஒன்றாகவே இருப்பதை மருத்துவக் கட்டுரைகள் அநேகமாக எழுதுவதில்லை: நாலு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க அவரால் முடியாது.

செலவும் பேச்சும் எல்லாம் நோயின் இந்தக் கடைசி முனையில்தான் நடக்கின்றன. முன் முனையில் என்ன செய்ய முடியும் என்று காட்டியவர் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் அவரும் நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். கையில் பிரஷர் கருவி, சில கண்ணாடிக் குழாய், இரண்டு ரசாயனம். குழாயில் சிறுநீர் எடுத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டினால், புரதம் இருந்தால் அது பால்போல் கலங்கும். பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினால் சர்க்கரை நிறம் காட்டும். பிளஸ் டூ வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பார்த்த அதே கரைசல்தான். பிடிபட்டவர்களை மருத்துவர் பார்த்து, ஆகக் குறைந்த விலை மாத்திரைகளில் வைத்தார். பிரஷருக்கு அவர் கொடுத்ததில் ஒன்று ரெசர்பின், சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பழைய மருந்து. நகரத்து மருத்துவர்கள் மறந்தே போனது. பிரஷர் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. பக்கத்தில் திட்டம் எட்டாத கிராமங்களைவிட இங்கே சிறுநீரகத் திறன் குறைந்தவர்களும் குறைவாக இருந்தார்கள். தலைக்கு ஆன செலவு வருடத்துக்குச் சில ரூபாய்கள்.

இப்போது கையில் இன்னும் நல்ல ஆயுதங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் எனலாப்ரில் போன்ற மாத்திரை பிரஷரோடு புரதக் கசிவையும் குறைக்கும். சர்க்கரைக்கு என்று வந்த டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020-இல் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு நிரூபித்தது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சேர்த்து. அதன் காப்புரிமை முடிந்ததில் இந்தியாவில் விலை தரைக்கு இறங்கிவிட்டது. இரண்டையும் மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பேதி, வாந்தி வரும் நாட்களில் நிறுத்தி வைக்கவும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023-இல் 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' சேலத்தில் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களின் சிறுநீரைப் பட்டை வைத்துப் பார்ப்பது. யோசனை சரி, ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வருகிறவரைத்தான் பிடிக்கும். தறி ஷெட்டில் நிற்கிறவரும் களையெடுக்கிற அம்மாவும் காய்ச்சல் வந்தால்தான் அங்கே போவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் தோள்பையில் ஒரு டப்பா புரதப் பட்டை சேர்வதற்குப் புதிய துறையோ புதிய கட்டிடமோ வேண்டாம். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு வருடம் ஒரு முறை. நாற்பது தாண்டி வெயிலில் உழைக்கிறவர்களுக்கு அறுவடை முடிந்து ஒரு முறை. பட்டை நிறம் மாறினால் மூன்று மாதத்தில் இன்னொரு முறை, கூடவே கிரியாட்டினின். அந்தப் பெயர்களை எழுதி வைக்க ஒரு நோட்டும், அதை மாதம் ஒரு தடவை புரட்டிப் பார்க்க ஒரு மருத்துவரும் வேண்டும்.